3,000 கிலோமீட்டர் நடந்து வலசைப் பறவைகளுக்கு நிதி திரட்ட நினைக்கிறேன், எங்கிருந்து தொடங்குவது?

நெடுவழி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு வருடமாக, வலசை வரும் கரையோரப் பறவைகளைக் கணக்கெடுக்கும் தன்னார்வக் குழு ஒன்றில் இருக்கிறேன். அலை இறங்கிய பிறகு சேற்றுப்பரப்பின் ஓரத்தில் நின்று தொலைநோக்கி வழியாக எண்ணுவோம், அவ்வளவுதான் வேலை. அந்தப் பழக்கத்தில்தான் பட்டைவால் மூக்கன் என்ற பறவையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், அன்றிலிருந்து மனம் அதை விட்டு நகரவில்லை. அலாஸ்காவில் குஞ்சு பொரிக்கும் மூக்கன்கள் கோடை முடிந்ததும் கிளம்பிப் பசிபிக் பெருங்கடலைக் குறுக்காகக் கடந்து நியூசிலாந்தில் போய் இறங்குகின்றன. நடுவில் எங்கேயும் இறங்குவதில்லை, தீனி இல்லை, தண்ணீர் இல்லை. 2022இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு பறவை, பிறந்து ஐந்தே மாதமான ஒன்று, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் பறந்து முடித்தது. ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் வீதம் நடந்தால் அந்தத் தூரத்துக்கு எனக்கு 540 நாளுக்கு மேல் ஆகும். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த இரவில்தான் இந்த எண்ணம் வந்தது.

தெ அராரோவா என்ற பாதையைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நியூசிலாந்தின் வடகோடியில் ரெயிங்கா முனையில் தொடங்கித் தெற்கே பிளஃப் வரை போகிறது, சுமார் 3,000 கிலோமீட்டர், 2011இல் திறந்தார்கள். அதை முழுக்க நடந்து, கிடைக்கும் நன்கொடையை மூக்கன் போன்ற பறவைகள் இறங்கித் தீனி எடுக்கும் சேற்றுநிலங்களைக் காக்கும் அமைப்பு எதற்காவது கொடுக்க வேண்டும் என்று ஆசை. ஐந்து மாதம் சம்பளமில்லா விடுப்பு கேட்டால் கிடைக்கும்.

இப்போது குழப்பம் எங்கே என்றால், எனக்குக் காசு கேட்டுப் பழக்கமே இல்லை. யாரிடம் எப்படிக் கேட்பது, என் பயணச் செலவில் ஒரு பகுதியைத் திரட்டும் பணத்திலிருந்து எடுத்துக்கொள்வது சரியா, பெரிய அமைப்புக்குக் கொடுப்பதா சின்ன அமைப்புக்கா, ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்குறுதி வாங்குவதா இல்லை மொத்தமாகவா, இதெல்லாம் தெரியவில்லை. நடையைப் பொறுத்தவரை இதுவரை தொடர்ந்து எட்டு நாள் நடந்ததுதான் அதிகம். அனுபவம் உள்ளவர்கள் மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள்.

---

கல்லும் முள்ளும் எழுதியது:

நல்ல காரியம், செய்யுங்கள். நான் இங்கிலாந்தின் பென்னைன் பாதையை, 431 கிலோமீட்டர், இருபது நாளில் நடந்து நிதி திரட்டியிருக்கிறேன். உங்கள் திட்டத்தோடு ஒப்பிட்டால் சின்ன நடைதான், ஆனால் பணம் கேட்கும் பாடம் இரண்டுக்கும் ஒன்றே.

முதல் பாடம்: உங்கள் செலவு உங்களுடையது. திரட்டிய பணத்தில் ஒரு காசு கூட விமானச் சீட்டுக்கோ காலணிக்கோ போகக்கூடாது. சட்டப்படி தப்பா என்று கேட்டால், வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்தால் பல இடங்களில் தப்பில்லை. ஆனால் கொடுப்பவர் மனதில் ஒரு முள் விழுந்துவிடும். நான் முதலில் எழுதிய நிதிப் பக்கத்தின் முதல் வரி "இந்தப் பாதையை நடந்து முடிக்க எனக்கு உதவுங்கள்" என்று இருந்தது. பதினோரு நாள் அந்தப் பக்கம் காலியாகவே கிடந்தது, என் அக்கா மட்டும் கொடுத்திருந்தாள். ஒரு நண்பர்தான் அழைத்து, "நீ சுற்றிப் பார்க்கப் போவதற்கு நான் ஏன் பணம் தரணும்னு தோணுது, தப்பா எடுத்துக்காதே" என்றார். அன்று இரவே மாற்றி எழுதினேன். பயணச் செலவு முழுக்க என் சேமிப்பிலிருந்து, நீங்கள் தருவது முழுக்க கர்லூ என்ற பறவையின் கூடுகளைச் சுற்றி மின்வேலி போட என்று. அந்தப் பறவை தரையில் முட்டை இடும், நரி வந்து தின்றுவிடும், வேலி போட்டால் குஞ்சு பொரிக்க வாய்ப்பு கிடைக்கும். பிரிட்டனில் 2015இல் அதைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். இத்தனையும் நான்கே வரியில் இருந்தது. பக்கத்தை மாற்றிய மறுநாளிலிருந்து பணம் வர ஆரம்பித்தது.

இரண்டாவது, ஒட்டுமொத்தமாக ஒரு குழுவில் செய்தி போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். எல்லோருக்கும் போன செய்தியை யாரும் தனக்கு வந்ததாக நினைப்பதில்லை. நான் ஒரு நோட்டில் 140 பெயர் எழுதினேன். பள்ளித் தோழர்கள், பழைய அலுவலகம், மனைவியின் உறவினர்கள், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, அவரோடு எனக்குள்ள ஒரு விஷயத்தைத் தொட்டு எழுதினேன். மூன்று வாரம் பிடித்தது, நடையைவிட இதுதான் கடினமாக இருந்தது. பக்கத்தை எல்லோருக்கும் திறந்துவிடும் முன்பு, தாராளமாகக் கொடுக்கக்கூடிய நான்கைந்து பேரிடம் பேசி முதல் தொகைகளை அவர்கள் போடும்படி செய்யுங்கள். பின்னால் வருகிறவர்கள் முன்னால் இருக்கும் எண்ணைப் பார்த்துத்தான் தங்கள் எண்ணை முடிவு செய்கிறார்கள், நானும் மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது அப்படித்தான் செய்கிறேன்.

அப்புறம் ஒன்று. எனக்குப் பணம் புறப்படும் வாரத்திலும் கடைசிப் பத்து நாளிலும்தான் வந்தது. நடுவில் நிசப்தம். உங்களுடையது ஐந்து மாதம் என்றால் அந்த நடுக்காலம் மிக நீளமாக இருக்கும், அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

---

வெண்மணல் எழுதியது:

யாரும் கேட்காததை நான் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். ஐந்து மாதச் சம்பளம், போக வர நெடுந்தூர விமானம், கூடாரம், காலணி எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையை அப்படியே ஒரு காப்பு அமைப்புக்குக் கொடுத்தால், நடந்து திரட்டப்போவதைவிட அதிகமாக இருக்குமா இருக்காதா? பலருடைய விஷயத்தில் அதிகமாகத்தான் இருக்கும். அத்தனை தூரம் பறப்பதால் வெளியாகும் கரியமில வாயு வேறு. பறவைக்கு உதவ வேண்டும் என்பது உங்கள் நோக்கம் என்றால் வீட்டிலிருந்தே உதவலாம். நடக்க வேண்டும் என்பதும் ஆசை என்றால் தாராளமாக நடங்கள், ஆனால் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதுதான் நேர்மை என்று எனக்குப் படுகிறது.

---

ஒற்றையடி எழுதியது:

வெண்மணல் சொல்வது நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழிக்கக்கூடாது. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரவு விட்டுப்போகிறது என்று நினைக்கிறேன்.

மைக்கேல் ஃபே என்ற சூழலியலாளர் 1999இல் காங்கோவின் வடக்குக் காடுகளிலிருந்து நடக்கத் தொடங்கி 455 நாளில், ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர் கடந்து காபோன் நாட்டின் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். யானைத் தடம், சாணம், குரங்குகள், மரங்கள் என்று வழியெல்லாம் பதிவு செய்துகொண்டே வந்தார். அந்தப் பதிவுகளும் படங்களும் காபோன் அதிபர் ஒமார் போங்கோவின் முன் வைக்கப்பட்டன, 2002இல் அந்த நாடு ஒரே அறிவிப்பில் 13 தேசியப் பூங்காக்களை உருவாக்கியது. அதற்கு முன்பு அங்கே ஒரு தேசியப் பூங்கா கூட இல்லை. கார்ஸ்டன் ஹியூயர் என்ற கனடா நாட்டு உயிரியலாளர் 1998-99இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனிலிருந்து கனடாவின் யூகான் வரை சுமார் 3,400 கிலோமீட்டர் நடந்தார். கரடியும் ஓநாயும் வழியிலுள்ள ராக்கி மலைத்தொடர் நெடுக உண்மையிலேயே நடமாட முடியுமா, இல்லை அது வரைபடத்தில் போட்ட கோடு மட்டும்தானா என்று தன் காலால் பார்க்கப் போனார். வழியில் ஊர் ஊராக நின்று பேசினார். ஃப்ளோரிடாவில் 2012இல் ஒரு குழுவினர் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்திலிருந்து ஜார்ஜியா எல்லை வரை, நடந்தும் படகு வலித்தும், 100 நாளில் 1,000 மைல் போனார்கள். கரடியும் பூமாவும் போக மிச்சமிருக்கும் வழி அது. 2021இல் அந்த மாநிலம் அந்த வழித்தடத்துக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. நடந்ததால் மட்டும் இதெல்லாம் நடந்துவிடவில்லை, பின்னால் பலருடைய பல வருட உழைப்பு இருக்கிறது. ஆனால் அந்த உழைப்பை ஜனங்கள் திரும்பிப் பார்த்ததற்கு நடை ஒரு காரணம்.

இந்த மூன்று நடைகளிலும் ஒன்று பொது, கவனியுங்கள். விலங்கின் பாதையும் நடந்தவரின் பாதையும் ஒன்று. ஏதோ ஒரு புகழ்பெற்ற பாதையில் நடந்துவிட்டு, அந்தப் பாதைக்குச் சம்பந்தமே இல்லாத புலிக்கோ யானைக்கோ காசு கேட்பவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், கேட்கிறவர்களுக்கு இரண்டும் மனதில் ஒட்டுவதில்லை. நெடுவழி, உங்களிடம் அந்தத் தொடர்பு தானாகவே அமைந்திருக்கிறது, நீங்கள் இன்னும் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. பிளஃப் பக்கத்திலேயே அவாருவா விரிகுடாவின் சேற்றுப்பரப்பு இருக்கிறது, மூக்கன்கள் அங்கே தங்கும். மார்ச் மாதம் அவை நியூசிலாந்தை விட்டு வடக்கே கிளம்பும். வடக்கிலிருந்து தெற்காக நடப்பவர்கள் பாதையை முடிப்பதும் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான். நீங்கள் நடையை முடிக்கும் இடத்திலிருந்து அது தன் பயணத்தைத் தொடங்கும்.

---

நாரை எழுதியது:

நான் ஒரு சின்ன காட்டுயிர் அமைப்பில் ஆறு வருடம் நன்கொடைப் பிரிவில் வேலை பார்த்தேன். பணம் வாங்குகிற பக்கத்திலிருந்து இரண்டு வார்த்தை.

பக்கம் திறப்பதற்கு முன்பு அமைப்புக்கு எழுதுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். திடீரென்று ஒருநாள் எங்கள் பெயரையும் சின்னத்தையும் போட்டு யாரோ எங்கேயோ காசு கேட்டுக்கொண்டிருப்பது தெரியவரும், அவர் நல்லவரா ஏமாற்றுபவரா என்று எங்களுக்குத் தெரியாது, கேட்டு வரும் நன்கொடையாளருக்கும் பதில் சொல்ல முடியாது. எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரவே கூடாது, நேராக அமைப்பின் கணக்குக்குப் போகும் வழியாக மட்டும் வாங்குங்கள். இணையத் தளங்கள் பிடித்துக்கொள்ளும் பங்கு தளத்துக்குத் தளம் மாறும், அதைப் படித்துப் பார்த்து உங்கள் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தெருவில் உண்டியல் ஏந்துவதற்குப் பல நாடுகளில் தனி அனுமதி வேண்டும், வெளிநாட்டில் இருக்கும்போது அதை முயலவே வேண்டாம்.

அடுத்தது கொஞ்சம் வேதனையான விஷயம். ஒருவர் எங்களுக்காக மலைப்பாதை ஒன்றில் நடந்தார், மிக நல்ல மனிதர். "முப்பது தானியங்கி கேமரா வாங்க" என்று அவராகவே நோக்கம் எழுதி நிதி திரட்டிவிட்டார், எங்களைக் கேட்கவில்லை. எங்களிடம் அப்போது கேமரா போதுமான அளவு இருந்தது. இல்லாதது என்ன தெரியுமா, காட்டுக்குள் போய் அதற்குப் பேட்டரி மாற்றி, படங்களை எடுத்துவரும் இரண்டு காவலர்களுக்குச் சம்பளம். கேமராவுக்கென்று வந்த பணத்தைச் சம்பளத்துக்குத் திருப்ப முடியாது, கொடுத்தவர்கள் நம்பிக் கொடுத்த காரணம் வேறு. அத்தனை பேரிடமும் சம்மதம் கேட்டு முடிக்க ஒரு வருடம் ஆனது. அதற்குள் காவலர்களில் ஒருவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், அந்தக் காட்டை அவரைப்போல அறிந்தவர் எங்களுக்கு அப்புறம் கிடைக்கவேயில்லை. அதனால்தான் சொல்கிறேன், "உங்களுக்கு இப்போது எது தேவை, எதற்கு யாரும் பணம் தருவதில்லை" என்று அமைப்பிடம் நேராகக் கேளுங்கள். பெரும்பாலும் சம்பளம், டீசல், படகு பழுது, கணக்கெடுப்பவர்களுக்குப் பயிற்சி என்று சொல்வார்கள். படத்தில் அழகாகத் தெரியாத செலவுகள்தான் காட்டைக் காக்கின்றன.

பெரியதா சின்னதா என்று கேட்டீர்கள். அளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். கடைசி மூன்று வருட ஆண்டறிக்கையை வாங்கிப் படியுங்கள், தணிக்கை செய்த கணக்கு இருக்கிறதா, தோற்றுப்போன வேலையைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருக்கிறார்களா, அந்த இடத்தில் வாழும் மக்கள் வேலையில் இருக்கிறார்களா என்று பாருங்கள். நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், கணக்கு எழுத ஆள் வைக்காத அமைப்பு அதைக் குறைவாகக் காட்டலாம், அது நல்லதல்ல.

வெண்மணலுக்கும் ஒரு பதில். நடையில் வரும் பணத்தைவிட எங்களுக்குப் பெரிதாக இருந்தது அதன் வழியாக வந்த மாதாந்தரக் கொடையாளர்கள். ஒரு நடையில் பதினேழு பேர் மாதம் சின்னத் தொகை தரச் சேர்ந்தார்கள், நான் வேலையை விட்டபோதும் அதில் பன்னிரண்டு பேர் தந்துகொண்டிருந்தார்கள். வரும் என்று நம்பி ஆள் வைக்கக்கூடிய பணம் அது. ஆகவே நெடுவழி, ஒரே தடவை கொடுப்பவரிடம் மாதாமாதம் கொடுக்க விருப்பமா என்றும் ஒரு வரி கேளுங்கள்.

---

நெடுவழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. வெண்மணல், உங்கள் கணக்கை நேற்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், நீங்கள் சொன்னது சரிதான், என் செலவு நான் மனதில் வைத்திருந்த நிதி இலக்கைவிட அதிகமாக வருகிறது. அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் சரியாக இல்லை. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஒற்றையடி, மார்ச் மாதம் பற்றிச் சொன்னீர்களே, அது எனக்குத் தெரிந்த தகவல்தான், ஆனால் இப்படிச் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

இன்னும் இரண்டு கேள்வி. கிலோமீட்டர் வீதம் வாக்குறுதி வாங்குவது பற்றி யாரும் சொல்லவில்லை. அப்புறம், நான் எங்கே இருக்கிறேன் என்று நேரலையாக வரைபடத்தில் காட்டினால் ஆர்வமாகப் பின்தொடர்வார்கள் என்று ஒரு நண்பர் சொல்கிறார், செய்யலாமா?

---

கல்லும் முள்ளும் எழுதியது:

கிலோமீட்டர் வீதம் வேண்டாம். முடித்தால் தருகிறேன் என்ற வாக்குறுதி அதைவிட வேண்டாம். இதை அழுத்தமாகச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. பதினான்காம் நாள் என் வலது முழங்கால் வீங்கிவிட்டது, இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் ஊசி குத்துவதுபோல் இருந்தது. நின்றிருக்க வேண்டும். ஆனால் முடித்தால்தான் தருவோம் என்று சொன்ன மூன்று பேரின் தொகை மனதில் ஓடிக்கொண்டே இருந்தது, இன்னும் ஆறு நாள்தானே என்று நடந்தேன். அந்தக் கால் சரியாக எட்டு மாதம் ஆனது. முடிக்காமல் நான் திரும்பியிருந்தாலும் தந்திருப்போம் என்று அந்த மூன்று பேரும் அப்புறம் சொன்னார்கள், நான் கேட்காமல் விட்டதுதான் தப்பு.

எனக்குப் போனது முழங்கால். உங்கள் பாதையில் ஆறுகள் இருக்கின்றன. தெற்குத் தீவில் பல ஆறுகளுக்குப் பாலம் கிடையாது, இறங்கித்தான் கடக்க வேண்டும், மலையில் மழை பெய்தால் சில மணி நேரத்தில் வெள்ளம் ஏறிவிடும். அந்த நாட்டில் நடைபயணிகள் ஆற்றில் போய் உயிரிழந்திருக்கிறார்கள். ராக்காயா, ராங்கிடாடா என்ற இரண்டு பெரிய ஆறுகளைப் பாதையின் பகுதியாகவே அதை நிர்வகிப்பவர்கள் கணக்கில் வைப்பதில்லை, சாலை வழியாகச் சுற்றிப் போகச் சொல்கிறார்கள். வெள்ளம் வடிய இரண்டு நாள் கரையில் காத்திருக்க வேண்டிய ஒருவருக்கு, இன்றைக்கு 25 கிலோமீட்டர் நடந்தால்தான் பறவைக்குப் பணம் என்ற எண்ணம் தலையில் இருக்கக்கூடாது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் நடக்கப் புறப்படுபவர்களில் நாலில் ஒருவர்தான் முடிக்கிறார் என்று அதைப் பராமரிக்கும் அமைப்பே சொல்கிறது. இதுபோன்ற நடையில் பாதியில் நிற்பது சாதாரணம். ஆகவே பணத்தைப் புறப்படும்போதே மொத்தமாகக் கேளுங்கள், நடை எங்கே நின்றாலும் பணம் போய்ச் சேரும் என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். கொடுப்பவர்கள் உங்கள் காலைப் பார்த்துக் கொடுக்கவில்லை, அந்தப் பறவையைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் அவசரக் கருவி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். அதன் இருப்பிடத் தகவல் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும். பயிற்சி பற்றிச் சுருக்கமாக: எட்டு நாள் நடந்திருக்கிறீர்கள், நல்லது, இனி வாரம் இரண்டு தடவையாவது முழுச் சுமையோடு ஏறி இறங்குங்கள், முக்கியமாக இறங்குங்கள்.

---

உள்ளான் எழுதியது:

நேரலை வரைபடம் பற்றி நான் சொல்கிறேன். வேண்டவே வேண்டாம். உங்கள் பாதுகாப்பு ஒரு காரணம், பறவையின் பாதுகாப்பு இன்னொன்று. எங்கே கூடு இருக்கிறது, எந்தத் திட்டில் பறவை ஒதுங்குகிறது என்பது படத்தோடு சேர்ந்து வெளியே போய்விடும், படம் எடுக்கும் ஆசையில் ஆட்கள் வந்து நிற்பார்கள். ஆப்பிரிக்காவில் காண்டாமிருகத்தைப் படம் எடுப்பவர்களை இருப்பிடத் தகவலை அணைக்கச் சொல்வதும் இதனால்தான், அங்கே பார்த்துக்கொண்டிருப்பவன் வேட்டைக்காரன். படங்களை இரண்டு மூன்று நாள் கழித்துப் போடுங்கள், ஊர்ப்பெயர் போதும்.

நடப்பவர் தன் காலடியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு உங்கள் பாதையே நல்ல உதாரணம். தொடக்கத்தில் தொண்ணூறு மைல் கடற்கரை என்று ஒன்று வருகிறது, உண்மையில் 88 கிலோமீட்டர்தான், மூன்று நான்கு நாள் மணலிலேயே நடப்பார்கள். நியூசிலாந்தின் கடற்கரைகளில் உப்புக்கொத்தி இனத்துப் பறவை ஒன்று அலை எட்டாத உலர்ந்த மணலில் சின்னக் குழி பறித்து முட்டை இடும். முட்டையும் மணல் நிறம், பக்கத்தில் நின்றாலும் தெரியாது. நீங்கள் நடக்கும் அக்டோபர், நவம்பர் அதற்கு இனப்பெருக்கக் காலம். ஆகவே ஈர மணலிலேயே நடங்கள், ஒரு பறவை இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு உங்கள் முன்னால் ஓடினால் அது உங்களைக் கூட்டிலிருந்து திசைதிருப்புகிறது, நின்று பார்க்காமல் அந்த இடத்தை விட்டு விலகிப்போங்கள். வடக்குக் காடுகளில் கௌரி என்ற மரங்களைக் கொல்லும் ஒரு நோய் மண்ணில் பரவுகிறது, காலணியில் ஒட்டிய சேறே போதும் அதைக் கொண்டுபோக. அங்கங்கே காலணி கழுவும் இடம் வைத்திருக்கிறார்கள், அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள். காட்டுக்குள் பாதையோரம் மரப்பெட்டிகள் வரிசையாகத் தெரியும், அவை எலிக்கும் ஸ்டோட் என்ற கீரி போன்ற பிராணிக்கும் வைத்த பொறிகள், மனிதர் கொண்டுவந்து விட்ட இந்தப் பிராணிகள்தான் அங்கே பறக்கத் தெரியாத பறவைகளை அழித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள், ஆனால் அதைப் பற்றி எழுதுங்கள், காப்பு வேலை என்றால் என்ன என்று வாசிப்பவர்களுக்கு அந்தப் பெட்டி புரியவைக்கும்.

கடைசியாக மூக்கனைப் பற்றி. மார்ச்சில் அது புறப்படும் முன்பு உடலில் ஏராளமாகக் கொழுப்பைச் சேர்த்திருக்கும். குடல், இரைப்பை, ஈரல் எல்லாம் சுருங்கிவிடும், பறக்கும்போது அவை வெறும் சுமை என்பதால். அப்படித் தயாராகும் வாரங்களில், அலை ஏறியதும் ஒரு திட்டில் கூட்டமாக ஒதுங்கி நிற்கும். அப்போது யாராவது நெருங்கினால் கூட்டம் மொத்தமும் எழும்பும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொழுப்பு கரையும், சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடல் வரைக்கும் ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர் போக அது சேர்த்துவைத்தது. பறவைகள் தலையைத் தூக்கி உங்கள் பக்கம் பார்க்க ஆரம்பித்தாலே நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்னால் போங்கள். உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் கடைசி நாள் ஆர்வத்தில் மறந்துவிடும்.

---

வெண்மணல் எழுதியது:

நாரை சொன்ன மாதாந்தரக் கொடை விஷயம் எனக்குப் புதிது, அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. விமானத்தைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் நெடுவழி கணக்கைப் போட்டுப் பார்த்து அதை இங்கே வந்து அப்படியே சொன்னதற்கு மரியாதை. நீங்கள் எந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் ஆண்டறிக்கையையும் கணக்கையும் நான் படித்துத் தருகிறேன், என் தொழில் தணிக்கைதான். காசு எதுவும் வேண்டாம்.

---

நெடுவழி எழுதியது:

இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். முடிவு செய்துவிட்டேன், எழுதுகிறேன்.

முழுப் பாதையும் போகவில்லை. தெற்குத் தீவுப் பகுதி மட்டும், ஷிப் கோவ் என்ற இடத்திலிருந்து பிளஃப் வரை, சுமார் 1,300 கிலோமீட்டர். ஜனவரி முதல் வாரம் தொடங்கினால் நாளைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் சராசரியில், ஆற்றுக்கும் மழைக்கும் சில நாள் விட்டுவைத்து, மார்ச் முதல் வாரம் முடிக்கலாம். விடுப்பு ஐந்து மாதத்திலிருந்து இரண்டரை மாதமாகக் குறைகிறது. வேலையில் இருக்கும் அந்த மிச்ச மாதங்களில் ஒரு மாதச் சம்பளத்தை முழுதாக நானே முதல் நன்கொடையாகப் போடுகிறேன். வெண்மணல், இது உங்கள் கேள்வியால் வந்தது. விமானத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இதற்குப் பிறகு ஐந்து வருடம் பறப்பதில்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன், அதையும் நிதிப் பக்கத்தில் எழுதப்போகிறேன்.

தொண்ணூறு மைல் கடற்கரை இந்த முறை இல்லை, அந்த உப்புக்கொத்தி நிம்மதியாக இருக்கட்டும்.

நாரை சொன்னபடி இரண்டு அமைப்புகளுக்கு எழுதினேன். ஒன்றிலிருந்து பதில் வரவில்லை. இன்னொன்று மஞ்சள் கடல் கரையில் உள்ளூர் ஆட்களோடு வேலை செய்யும் சின்னக் குழு, மறுநாளே பதில் போட்டார்கள். அந்தக் கரையின் சேற்றுப்பரப்பில் பாதிக்கு மேல் ஐம்பது வருடத்தில் போய்விட்டது, மூக்கன்கள் வடக்கே போகும்போது இறங்கித் தீனி எடுக்கப் பெரும்பாலும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. 2019இலும் 2021இலும் அதன் சில பகுதிகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள், அது பெரிய ஆறுதல். என்ன தேவை என்று கேட்டதற்கு அவர்கள் அனுப்பிய பட்டியல்: படகுக்கு எரிபொருள், கணக்கெடுக்க வரும் மீனவ இளைஞர்களுக்கு நாள்கூலி, இரண்டு பழைய தொலைநோக்கிகளைப் பழுது பார்க்க. கேமரா இல்லை, கருவி இல்லை. படித்தபோது நாரை சொன்ன அந்தக் காவலர்தான் நினைவுக்கு வந்தார். அவர்களுடைய ஆண்டறிக்கைகளை வெண்மணலுக்குத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

கிலோமீட்டர் கணக்கு கிடையாது, நேரலை வரைபடம் கிடையாது. நோட்டில் இதுவரை 96 பெயர். முதல் கடிதம் என்னோடு சேற்றில் நின்று எண்ணும் மூத்த தோழர் ஒருவருக்கு எழுதினேன், தொகையோடு ஒரு வரியும் அனுப்பியிருந்தார்: பிளஃப் போய்ச் சேர்ந்ததும் அவாருவாவில் எத்தனை நிற்கிறது என்று எண்ணி எழுது. அதற்காகவே கனம் என்று பார்க்காமல் சின்னத் தொலைநோக்கியையும் பையில் வைக்கிறேன். மார்ச் முதல் வாரம் அந்தப் பக்கம் இருக்கப்போகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள், அலை ஏறும் நேரம் பார்த்துச் சேர்ந்து எண்ணலாம்.